அம்மா நேர்ந்துவிட்ட கிடாவும் நான் எடுத்த பஞ்சசீலமும்: என்ன செய்யலாம்?

மில்கணக்கன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு அம்பாசமுத்திரம் பக்கம். புழுங்கல் அரிசி மில் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். முதுகுவலிக்கு எண்ணெய், கஷாயம், ஊசி எல்லாம் பார்த்த பிறகு, கூட வேலை பார்க்கிறவர் பேச்சைக் கேட்டு, திண்டுக்கல் பக்கம் நடக்கும் கோயங்கா முறை விபாசனா தியான முகாமுக்குப் போனேன். பத்து நாள் யாரோடும் பேசக்கூடாது, போன் கிடையாது, காலை நாலு மணிக்கு மணி அடித்துவிடுவார்கள். முதுகுவலி அப்படியேதான் இருக்கிறது. ஆனால் கோபம் வந்தால் வாய்க்கு வந்ததைப் பேசுவது குறைந்திருக்கிறது என்று என் மனைவியே சொல்கிறாள். அவள் லேசில் பாராட்டுகிற ஆள் இல்லை.

முகாமில் சேரும்போதே பௌத்தத்தின் ஐந்து ஒழுக்கங்களான பஞ்சசீலம் எடுக்க வேண்டும். உயிர்க்கொலை செய்யாமை, கொடுக்காததை எடுக்காமை, தவறான காமம் இல்லாமை, பொய் சொல்லாமை, போதை தொடாமை. வீட்டுக்கு வந்த பிறகும் அதை நான் விடவில்லை. மதமெல்லாம் மாறவில்லை. நெற்றியில் திருநீறு இருக்கிறது, வீட்டில் ஒரு புத்தர் படம்கூடக் கிடையாது. காலையும் மாலையும் ஒரு மணி நேரம் உட்காரச் சொல்லி அனுப்பினார்கள், காலை மட்டும்தான் நடக்கிறது.

சிக்கல் இப்போது வந்திருக்கிறது. எங்கள் குலசாமி மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு சாஸ்தா. பங்குனி உத்திரத்துக்குச் சொக்காரர்கள், அதாவது பங்காளிகள், மொத்தமும் வேன் பிடித்து வந்துவிடுவார்கள். சாஸ்தாவுக்குச் சைவப் படைப்பு. பக்கத்தில் நிற்கும் தளவாய் மாடனுக்குக் கிடா. வெட்டு நடக்கும்போது சாஸ்தா நடையில் திரையைப் போட்டுவிடுவார்கள். ஐப்பசியில் என் மகளுக்கு டெங்கு வந்து ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். அங்கே வராந்தாவில் உட்கார்ந்தபடியே என் அம்மா மாடனுக்குக் கிடா நேர்ந்துவிட்டாள். பிள்ளை பிழைத்து வீட்டுக்கு வந்த அடுத்த செவ்வாய்க்கிழமையே மேலப்பாளையம் சந்தையில் குட்டி வாங்கியாயிற்று. இப்போது அது பின்கட்டில் நிற்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதற்குப் பூவரசங்குழை ஒடித்துப் போடுவது என் மகள்தான். அதை எதற்கு வளர்க்கிறோம் என்று அவளிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.

அம்மாவிடம் பேசிப் பார்த்தேன். “நீ வெட்ட வேண்டாம், பார்க்கவும் வேண்டாம். என் நேர்ச்சையை நான் முடிச்சுக்கிடுதேன்” என்கிறாள். ஆனால் ஆட்டுக்குக் காசு கொடுத்தது நான். கோயில் வரி கட்டுவதும் நான். நான் தள்ளி நின்றுகொண்டால் சீலம் காப்பாற்றப்பட்டதாக ஆகுமா? இல்லை, கோயிலுக்கே போகாமல் இருந்துவிட வேண்டுமா?

அப்புறம் இரண்டு சின்ன கேள்விகள். மில்லில் எலித் தொல்லை. மாதா மாதம் எலி மருந்துக்கு வவுச்சர் போட்டு வாங்கி வைப்பது என் வேலை. அதையும் கொலைக் கணக்கில்தான் சேர்க்க வேண்டுமா? அப்பாவுக்கு ஆடி அமாவாசையில் பாபநாசம் படித்துறையில் தர்ப்பணம் கொடுக்கிறேன். பௌத்தத்தில் அதற்கு இடம் உண்டா?

பொதிகைச்சாரல் எழுதியது:

அண்ணாச்சி, நீங்கள் குழம்பவே வேண்டாம். சாஸ்தாவே புத்தர்தான்! மயிலை சீனி. வேங்கடசாமி 1940-இலேயே ‘பௌத்தமும் தமிழும்’ எழுதி, பழைய பௌத்தக் கோயில்கள் பல பிற்பாடு சாஸ்தா, ஐயனார் கோயில்களாக மாறின என்று சொல்லியிருக்கிறார். அம்பையில் இருந்து நிமிர்ந்து பார்த்தால் தெரிகிற பொதிகை மலைதான் அவலோகிதேசுவரர் என்ற போதிசத்துவர் இருக்கும் போதலகம் என்று சொல்கிற ஆராய்ச்சியாளர்களும் உண்டு. லாசாவில் இருக்கும் போதலா அரண்மனைக்குப் பெயர் வந்ததே அந்த மலையை வைத்துத்தான். பௌத்தர் எழுதிய பழைய தமிழ் இலக்கண நூலான வீரசோழியம் இன்னும் ஒரு படி மேலே போய், அகத்தியர் தமிழைக் கேட்டுக்கொண்டதே அவலோகிதரிடம்தான் என்கிறது. உங்கள் மலை, உங்கள் சாமி, உங்கள் பௌத்தம். தைரியமாகக் கோயிலுக்குப் போங்கள்.

கிடா விஷயம் எனக்குத் தெரியாது. நான் சைவம்.

ஓய்வுபெற்ற தபால்காரன் எழுதியது:

தம்பி மில்கணக்கா, நான் சங்கரன்கோவில் பக்கம். 2020-இல் வீரிருப்பில் ஜப்பானியப் பிக்குகள் உலக அமைதிக் கோபுரம் திறந்தார்கள் இல்லையா, அது எனக்குச் சைக்கிள் மிதிக்கிற தூரம். வட்டமான கைப்பறையைத் தட்டிக்கொண்டு ‘நா மு ம்யோ ஹோ ரெங் கே க்யோ’ என்று ஓதுவார்கள். நிப்போன்சன் ம்யோஹோஜி என்பது அவர்கள் சங்கம். அதைத் தொடங்கிய பூஜி குருஜி 1933-இல் காந்தியைச் சந்தித்தவர். காந்தியின் சேவாகிராம ஆசிரமப் பிரார்த்தனையில் இந்த மந்திரம் சேர்ந்தது அந்தத் தொடர்பில்தான். முதலில் வேடிக்கை பார்க்கத்தான் போனேன். அங்கே போய் வந்ததில் பழைய பாலி நூல்களைத் தேடிப் படிக்கும் பழக்கம் பிடித்துக்கொண்டது. அவர்கள் போற்றுவது தாமரைச் சூத்திரம், நான் படிப்பது வேறு மரபு. அதைப் பிக்கு ஒருவரிடம் சொன்னேன். சிரித்துவிட்டு டீ கொடுத்தார்.

சாஸ்தா புத்தரா என்ற ஆராய்ச்சிக்கு நான் வரவில்லை. நம் சீமையில் பாறையில் ஒரு கல்படுக்கையைக் கண்டால் உடனே புத்தர் படுத்த இடம் என்று எழுதிவிடுகிறார்கள். கழுகுமலையில் இருப்பவர்கள் சமணத் தீர்த்தங்கரர்கள். சீவலப்பேரிப் பக்கம் மறுகால்தலையில் பூவிலுடையார் சாஸ்தா கோயில் பாறையில் தமிழ் பிராமி எழுத்து இருக்கிறது. ஊர்க்காரர்களுக்கு அது பாண்டவர் படுக்கை. காசிபன் என்பவர் செய்து கொடுத்த கல்படுக்கை என்கிறது எழுத்து. அதையும் சமணர் படுக்கையாகத்தான் இப்போது பெரும்பாலும் எண்ணுகிறார்கள். சரி, சாஸ்தா புத்தராகவே இருந்துவிட்டுப் போகட்டும். திரைக்கு வெளியே நிற்கும் கிடாவுக்கு அதனால் என்ன ஆயிற்று?

முதல் சீலம் தன் கையால் கொல்வதை மட்டும் சொல்லவில்லை. அடுத்தவரை ஏவிக் கொல்வதும் அதில் அடக்கம். அந்தப் பாலி நூல்களில் ஒன்றான ஜீவக சூத்திரத்தில் புத்தர் இதைப் பிரித்துப் பிரித்துச் சொல்கிறார். புத்தருக்காகவோ அவர் சீடருக்காகவோ ஒருவன் ஒரு உயிரைக் கொன்றால் அவனுக்கு ஐந்து இடத்தில் பாவம் சேர்கிறது. ‘போய் அந்த ஆட்டைப் பிடித்து வா’ என்று சொல்லும்போது ஒன்று. கழுத்தில் கயிறு போட்டு இழுத்து வரப்படுகையில் அது வேதனைப்படும்போது இரண்டாவது. ‘வெட்டு’ என்னும்போது ஒன்று, வெட்டுப்பட்டு அது துடிக்கும்போது ஒன்று, தகாத உணவை அவர்களுக்குப் படைக்கும்போது ஒன்று. எனக்கு அந்த இரண்டாவது இடம்தான் நெஞ்சில் நின்றது. கத்தி இன்னும் வரவே இல்லை, அதற்குள் கணக்குத் தொடங்கிவிடுகிறது. நம் கோயில்களில் மஞ்சள் தண்ணீர் தெளித்து, ஆடு உடம்பைச் சிலிர்த்தால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று குலவை போடுகிறோம். தலையில் தண்ணீர் ஊற்றினால் எந்த ஆடு சிலிர்க்காமல் நிற்கும், தம்பி?

ஆகவே காசு கொடுத்தவன் தள்ளி நின்றால் போதுமா என்று கேட்டாயே, போதாது. ஆனால் குட்டி வாங்கிய காசோடு கதை முடியவில்லை. அது இன்னும் உயிரோடு குழை தின்றுகொண்டு நிற்கிறது. அதுவரைக்கும் உனக்கு வேலை இருக்கிறது.

கறியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும். தனக்காகக் கொன்றதைக் கண்டாலோ, கேட்டாலோ, சந்தேகப்பட்டாலோ பிக்கு அந்தக் கறியைத் தொடக்கூடாது. மற்றபடி பிச்சையில் விழுந்ததைச் சாப்பிடலாம். சங்கத்தில் எல்லோரும் கறியையும் மீனையும் விட்டே ஆக வேண்டும் என்று தேவதத்தன் என்ற பிக்கு கேட்டபோது புத்தர் சம்மதிக்கவில்லை. விதி பிக்குவுக்கானதுதான். ஆனால் குடும்பஸ்தனுக்கும் அது நல்ல அளவுகோல். உன் மகள் பேரைச் சொல்லி வெட்டிய ஆட்டை, ‘எனக்குத் தெரியாது’ என்று உன்னால் தின்ன முடியாது.

கோயிலுக்கே போகாமல் இருக்க வேண்டுமா என்றால், யார் சொன்னது? சிகாலன் என்று ஒரு பையன். செத்துப்போன அப்பா சொல்லிவிட்டுப் போனார் என்பதற்காக விடியற்காலையில் குளித்துவிட்டு, ஈரத் துணியும் ஈரத் தலையுமாக ஆறு திசையையும் கும்பிட்டுக்கொண்டிருக்கிறான். தாமிரபரணிக் கரையில் எந்த நாளும் பார்க்கலாம் அந்த ஆளை. அவனிடம் புத்தர் ‘இதெல்லாம் மூடத்தனம், நிறுத்து’ என்று சொல்லவில்லை. கிழக்கு என்றால் பெற்றோர், தெற்கு ஆசிரியர், மேற்கு மனைவி மக்கள், வடக்கு நண்பர், கீழே வேலைக்காரர், மேலே துறவிகள், அவர்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்வதுதான் திசைகளைக் கும்பிடுவது என்று சொல்லிக் கொடுக்கிறார். அப்பா சொன்ன வார்த்தையும் நின்றது, பொருளும் மாறிவிட்டது.

இன்னொரு இடம். அனாதபிண்டிகர் என்ற பெரிய வியாபாரியிடம், நியாயமாகச் சம்பாதித்த பணத்தில் ஐந்து பேருக்குப் பங்கு கொடு என்கிறார்: உறவினர், விருந்தினர், இறந்துபோன முன்னோர், அரசர், தெய்வங்கள். முதல் தடவை படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ‘தென்புலத்தார் தெய்வம் விருந்தொக்கல் தான்’ என்று தபால் ஆபீஸ் சுவரில் நாங்கள் எழுதிப்போட்டிருந்த குறள்தானே இது! நாலு பேர் அப்படியே இருக்கிறார்கள். அங்கே அரசன், இங்கே தான், அவ்வளவுதான் வித்தியாசம். எது எதில் இருந்து வந்தது என்று சண்டை போட எனக்கு ஆசை இல்லை. சாமிக்கும் முன்னோருக்கும் ஒரு பங்கு என்பது புத்தர் தடுத்த காரியம் இல்லை என்று மட்டும் சொல்கிறேன். பந்தலுக்கும் மேளத்துக்கும் சாப்பாட்டுக்கும் வரி கொடு, வில்லுப்பாட்டுக்குக் கூடவே நூறு போட்டுக் கொடு. கிடாவுக்கென்று தனி வரி பிரித்தால் அதை மட்டும் அன்னதானக் கணக்கில் எழுதிக்கொள்ளச் சொல்லு.

இனி அம்மா. அவளிடம் ஜீவக சூத்திரம் வாசித்துக் காட்டாதே. நேர்ச்சை சாமியிடம் சொன்னது, சாமிதான் மாற்றிச் சொல்ல வேண்டும். 2003-இல் அரசாங்கம் உயிர்ப்பலித் தடைச் சட்டத்தைக் கடுமையாக அமல்படுத்தியபோது, எங்கள் ஊர் மாடன் கொடைத் திருவிழா ஆவணிக் கடைசியில் வந்தது. சாமியாடுகிற கோமரத்தாடி ஆடி முடித்து, இந்த வருடம் பூசணிக்காய் போதும் என்று வாக்குச் சொன்னார். ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை. 2004-இல் அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள், மறுபடி கிடா வந்துவிட்டது. சட்டத்துக்கு இறங்கி வருகிற மாடன் ஒரு குழந்தைக்கு இறங்கி வரமாட்டாரா? சாஸ்தா நடையில் அம்மாவை வைத்தே பூக்கட்டிப் பாருங்கள். வெள்ளை வந்தால் மாடன் பேரில் சர்க்கரைப் பொங்கலும் அன்னதானமும், சிவப்பு வந்தால் பழைய நேர்ச்சை. இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூவையே வைத்துவிடலாம் என்று உனக்குத் தோன்றும். நாலாவது சீலம் ஞாபகம் இருக்கட்டும்.

வெள்ளை வந்தால் கிடாவை உயிரோடு கோயிலில் விட்டுவிட்டு வரலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். செய்யாதே. அது ஏலத்துக்குப் போகும், ஏலம் எடுத்தவன் வீட்டில் அன்று ராத்திரியே குழம்பு கொதிக்கும்.

கூடதந்த சூத்திரத்தில் ஒரு வேள்வி வருகிறது. ஆடு மாடு கோழி பன்றி எதுவும் கொல்லப்படவில்லை, மரம் வெட்டப்படவில்லை, நெய், எண்ணெய், வெண்ணெய், தயிர், தேன், வெல்லம் இவற்றாலேயே முடிந்தது என்று போகிறது கதை. அதோடு, வேலைக்காரர்கள் தடிக்குப் பயந்து அழுதுகொண்டே வேலை செய்யவில்லை என்றும் ஒரு வரி இருக்கிறது. நம் ஊர் விழாக் கமிட்டிகள் படிக்க வேண்டிய வரி.

எலி: வினை என்பது மனத்தின் நோக்கம் என்கிறார் புத்தர். வண்டியில் போகும்போது தெரியாமல் எறும்பு சாவது வேறு, வவுச்சர் போட்டு விஷம் வாங்குவது வேறு. உபாசகன் செய்யக்கூடாத ஐந்து வியாபாரத்தில் ஆயுதம், உயிர், இறைச்சி, மது இவற்றோடு விஷமும் உண்டு. அரிசி மில் அதில் இல்லை, பயப்படாதே. எலிக்கூடு வை, கதவுக்கு அடியில் தகரம் அடி, சிந்திய நெல்லைப் பொழுது சாய்வதற்குள் கூட்டு. பூனை வளர்க்கலாமா என்று மட்டும் கேட்காதே. அதற்கு எனக்கும் பதில் தெரியவில்லை, எங்கள் வீட்டில் இரண்டு இருக்கின்றன.

பாளை நீலக்கொடி எழுதியது:

தபால்கார ஐயா சொன்னதை மரியாதையோடு மறுக்கிறேன். தோழரே, நீங்கள் கேட்டது பௌத்தத்தைப் பற்றி. எங்களுக்குப் பௌத்தம் முதுகுவலிக்குப் போன இடத்தில் கிடைத்தது இல்லை. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அம்பேத்கர் தீட்சை வாங்கிக்கொண்டு, கூடியிருந்தவர்களுக்கு 22 உறுதிமொழிகள் கொடுத்தார். திதி கொடுக்க மாட்டேன், பிண்டம் வைக்க மாட்டேன் என்பதும், புத்தர் விஷ்ணுவின் அவதாரம் என்பதை நம்ப மாட்டேன் என்பதும் அவற்றில் உண்டு. என் அப்பா அந்த 22-ஐயும் தாளில் எழுதி வீட்டு நடையில் ஒட்டியிருந்தார். அதைப் பார்த்துத்தான் நான் எழுத்துக்கூட்டிப் படிக்கவே பழகினேன்.

‘குலசாமியையும் விட வேண்டாம், சீலமும் காக்கலாம்’ என்று சொல்ல உங்களுக்கு முடிகிறது, ஏனென்றால் அந்தக் கோயில் நடைவரை உங்களைப் போகவிட்டார்கள். எங்கள் தாத்தா அதே மாதிரி ஒரு கோயிலில் ராத்திரி முழுக்க மேளம் அடித்தார். படைப்புச் சோறு எல்லோருக்கும் போட்டு மிஞ்சியதைத் தூர வைத்துவிட்டுப் போவார்களாம். கிடா பிழைக்கலாம், நல்லதுதான். அந்த மனுஷனுக்கு என்ன வாக்கு வந்தது? கூடதந்த சூத்திரத்தில் வேலைக்காரர் அழவில்லை என்ற வரியைக் கடைசியில் ஒரு வார்த்தையாகச் சொல்லிவிட்டுப் போனீர்கள். என்னைக் கேட்டால் பேச்சை அங்கேதான் தொடங்க வேண்டும். உங்கள் உத்திரத் திருவிழாவில் மேளக்காரர் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்று இந்த வருடம் கொஞ்சம் பாருங்கள், தோழரே.

தர்ப்பணத்துக்கு என் பதில் பழைய பௌத்தப் பிக்குணிகளின் பாடல் தொகுப்பான தேரிகாதையில் இருக்கிறது. புண்ணிகா என்பவள் தண்ணீர் சுமக்கும் அடிமைப் பெண். பனிக்காலத்தில் எஜமானிகளுக்குப் பயந்து நடுங்கிக்கொண்டே ஆற்றில் இறங்குகிறவள். அங்கே ஒரு பிராமணர் பாவம் போக வேண்டும் என்று குளிரில் முங்குவதைப் பார்த்துக் கேட்கிறாள்: தண்ணீரில் பாவம் கரையும் என்றால் தவளையும் ஆமையும் முதலையும் அல்லவா முதலில் சொர்க்கம் போகும்? ஆறு பாவத்தை அடித்துக்கொண்டு போனால் புண்ணியத்தையும் சேர்த்து அடித்துக்கொண்டு போகாதா? பாபநாசத்தில் முங்கிவிட்டு உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டு வருகிறார்களே, அந்தத் துணிக் குவியலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் புண்ணிகா நினைவுதான்.

நாங்கள் அப்பா நினைவு நாளில் மெழுகுவத்தி ஏற்றி, புத்தம், தம்மம், சங்கம் என்று மூன்றையும் சரணடையும் திரிசரணமும் பஞ்சசீலமும் சொல்லிவிட்டு, தெருப் பிள்ளைகளுக்கு நோட்டும் பேனாவும் கொடுக்கிறோம். எள் கிடையாது, பிண்டம் கிடையாது.

இன்னொன்று. இதைப் படிக்கிற எங்கள் ஆட்கள் சிலருக்குச் சந்தேகம் இருக்கும். பௌத்தத்துக்கு மாறினால் பட்டியல் சாதிச் சலுகை போய்விடும் என்று பயம் காட்டுவார்கள். 1990-இல் சட்டத்தைத் திருத்திப் பௌத்தர்களையும் சேர்த்தாயிற்று. பயப்படாதீர்கள்.

அட்டன்காரி எழுதியது:

நான் இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் எங்கள் குடும்பம் இந்தியா வந்தபோது சின்னப் பிள்ளை. இப்போது கடையநல்லூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டு, பேரன் பேத்தி எடுத்தாயிற்று. சூத்திரம் எதுவும் எனக்குத் தெரியாது. நாங்கள் இருந்த லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, கீழே இருந்த சிங்களக் குடும்பம் என்ன செய்தது என்பது நன்றாகத் தெரியும், அதைச் சொல்கிறேன்.

அந்த வீட்டுத் தாத்தா செத்து ஏழாம் நாள் தானம் கொடுத்தார்கள். முதல் நாளே பன்சலைக்கு, அதாவது பௌத்த விகாரைக்கு, போய் ஹாமுதுரு என்று அவர்கள் சொல்லும் பிக்குவை அழைத்துவிட்டு வந்தார்கள். சமைத்ததில் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து முதலில் புத்தருக்கு ஒரு சின்னத் தட்டு. அதை மத்தியானத்துக்கு முன்னால் வைத்துவிட வேண்டும். அப்புறம் ஹாமுதுருமாருக்கு. அவர்களும் பன்னிரண்டுக்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும், அதற்குமேல் சாப்பிட மாட்டார்கள். அதனால் அந்த வீட்டு அம்மா கடிகாரத்தையும் அடுப்பையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருப்பார். கடைசியில் வீட்டார் எல்லோரும் சேர்ந்து ஒரு கெண்டியைப் பிடித்து, தட்டில் வைத்த கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றுவார்கள். கிண்ணம் நிரம்பித் தட்டில் வழியும்வரை ஊற்ற வேண்டும். ஹாமுதுரு பாலியில் ஓதுவார். ‘இது என் உறவினருக்குச் சேரட்டும், உறவினர் சுகமாக இருக்கட்டும்’ என்று அதற்கு அர்த்தம். மேட்டில் பெய்த மழை பள்ளத்துக்கு ஓடி வருகிற மாதிரி, இங்கே கொடுத்தது அங்கே போய்ச் சேரும் என்றும் அதில் வரும். மூன்றாம் மாதமும் வருடமும் மறுபடி தானம்.

ஆகவே தம்பி, செத்தவருக்குப் பௌத்தத்தில் ஒன்றும் இல்லை என்று நினைக்காதே. பாளைத் தங்கை தன் வழியில் நிற்பது அவள் பட்ட பாட்டுக்கு நியாயம். ஆனால் நீ உறுதிமொழி எடுத்தவன் இல்லையே. அப்பா பெயரைச் சொல்லி நாலு பேருக்குச் சோறு போட்டுவிட்டு, அந்தப் புண்ணியம் அவருக்கு என்று வாய்விட்டுச் சொல்லு. துணியை மட்டும் ஆற்றில் விடாதே, அவள் சொன்னது அதில் நூற்றுக்கு நூறு சரி.

சாமி கும்பிடுவதைப் பற்றியும் சொல்கிறேன். அவர்கள் பன்சலை வளவிலேயே தேவாலயம் இருக்கும். விஷ்ணு இருப்பார், கதிர்காமத்துக் கந்தன் இருப்பார். புத்தருக்குப் பூ வைக்கும்போது எதுவும் கேட்க மாட்டார்கள். பூ வாடுகிற மாதிரி இந்த உடம்பும் வாடும் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். பரீட்சை, கல்யாணம், காய்ச்சல் எல்லாம் பக்கத்துச் சாமியிடம்தான். எது யாரிடம் என்பதில் அந்த அம்மாவுக்கு ஒரு நாளும் குழப்பம் வந்து நான் பார்த்ததில்லை.

குறையும் சொல்ல வேண்டும். போயா என்ற பௌர்ணமி நாளில் கறிக்கடையும் சாராயக்கடையும் பூட்டிவிடுவார்கள். அந்த அம்மா வெள்ளை உடுத்திக்கொண்டு எட்டுச் சீலம் எடுத்துப் பன்சலையிலேயே இருப்பார். மறுநாள் கடையில் கறி வாங்கிச் சமைப்பார். அவர் கையால் ஒரு கோழியை அறுக்க மாட்டார், அறுக்கிறவர் கடைக்காரர். சின்ன வயதிலேயே எனக்கு அது கொஞ்சம் கள்ளத்தனமாகப் பட்டது. இப்போதும் அப்படித்தான் படுகிறது. ஆனாலும் கிணற்றடியில் பாம்பு வந்தபோது எங்கள் ஆட்கள் கம்பைத் தூக்கிக்கொண்டு ஓட, அவர் கும்பிட்டு, தேங்காய் மட்டையால் தரையைத் தட்டித் தட்டியே அதை வேலிக்கு அப்பால் அனுப்பிவிட்டார். அதையும் பார்த்திருக்கிறேன்.

மில்கணக்கன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்தேன். நீலக்கொடி தோழர் எழுதியதை அதற்கு மேலும் படித்தேன். எங்கள் கோயிலில் மேளக்காரர்களுக்குப் பொட்டலமாகக் கட்டிக் கையில் கொடுத்து அனுப்புகிறோம். அவர்கள் அவசரமாகப் போக வேண்டும் என்பதற்காக என்று சொல்லித்தான் எங்களை வளர்த்திருக்கிறார்கள். இந்த வருடம் பந்தியில் உட்காரச் சொல்ல வேண்டும் என்று கமிட்டியில் இருக்கும் சித்தப்பாவிடம் சொன்னேன். ‘பார்ப்போம்’ என்றார். சித்தப்பா பார்ப்போம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம். அதனால் நான் பொட்டலம் வாங்கிக்கொண்டு அவர்களோடு போய் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று இருக்கிறேன். முதலில் அவர்களிடம் கேட்க வேண்டும்.

பூக்கட்டிப் பார்க்க அம்மா உடனே சம்மதித்துவிட்டாள். அவளுக்கே உள்ளூரச் சங்கடம் இருந்திருக்கிறது போல, பேத்தி அந்த ஆட்டுக்குப் பேர் வைத்துவிட்டாள். வருகிற வெள்ளிக்கிழமை போகிறோம். பூவை அம்மாவே மடிப்பாள், நான் பக்கத்தில்கூட நிற்கப் போவதில்லை. சிவப்பு வந்தால் மகளிடம் யார் சொல்வது என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. அம்மாவின் நேர்ச்சை என்றாலும் நான்தான் சொல்லியாக வேண்டும், பொய் சொல்லாமல்.

எலி மருந்து வவுச்சரில் இனி கையெழுத்துப் போட மாட்டேன் என்று முதலாளியிடம் சொன்னேன். ‘எலி தின்கிற நெல்லை உன் சம்பளத்தில் பிடிக்கட்டுமா’ என்றார். பிறகு ஒரு மாதம் கூடு வைத்துப் பார், நெல் இழப்பு அதே அளவில் நின்றால் சரி என்று விட்டுவிட்டார். பெருச்சாளி சைஸுக்கு உறுதியான கூடு எங்கே கிடைக்கும்? அம்பையில் விற்பது எல்லாம் சுண்டெலிக் கூடு.

ஓய்வுபெற்ற தபால்காரன் எழுதியது:

கடைக்கூடு வேண்டாம், பெருச்சாளி இரண்டு நாளில் கம்பியை வளைத்துவிடும். வெல்டிங் பட்டறையில் கனத்த கம்பிவலை கொடுத்து இரண்டு அடி நீளத்துக்கு அடித்து வாங்கு, கதவுக்கு ஸ்பிரிங் இரண்டு போடச் சொல்லு. இரைக்குக் கருவாட்டைவிடச் சுட்ட தேங்காய்ச் சில்லு நல்லது, எறும்பு மொய்க்கும், அது ஒன்றுதான் தொல்லை. பிடித்ததை மில் பக்கத்து வாய்க்காலிலேயே விட்டால் உனக்கு முன்னால் அது திரும்பி வந்து நிற்கும். ஆற்றைத் தாண்டிக் கொண்டுபோய், வயல் இல்லாத பொட்டலாகப் பார்த்து விடு. வயல் பக்கம் விட்டால், அங்கே நெல் போட்டிருப்பவன் யாருடைய சொக்காரனோ.